கறுத்த சேறு பிடித்ததும் விட்டதும்

மகளுக்கு,

வயல் வட்டையின் கறுத்த சேறு யுரேனியத்தைப் பிடித்துக்கொள்ளும், ஆகவே கிணற்றுக்குப் பயமில்லை என்று உன் குறிப்பை முடித்திருந்தாய். பாதி படித்ததும் முடிவை எழுதிவிடும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. பொஸ்பேற்றுப் பசளையோடு கொஞ்சம் யுரேனியம் வயலுக்கு வருவது உண்மை. அதற்குப் பிறகு நடப்பதுதான் விஷயம்.

யுரேனியத்தின் குணம் அறிய முதலில் பாறைக்குப் போவோம். 1904இல் இலங்கையில் கிடைத்த கனமான கறுத்த கனிமமொன்றை ஆனந்த குமாரசுவாமி யுரேனினைற்று என்றே எண்ணினார். லண்டனில் இரசாயனவியலாளர் டன்ஸ்டன்தான் அது தோரியம் மிகுந்த புதிய கனிமம் என்று கண்டார், பெயர் தோரியனைற்று. மறு ஆண்டே அந்தக் கனிமத்திலிருந்து ஒட்டோ ஹான், ராம்சேயின் ஆய்வுகூடத்தில், ரேடியோதோரியம் என்ற கதிரியக்கப் பொருளைப் பிரித்தார். குமாரசுவாமியைச் சிற்பத்தோடும் ஓவியத்தோடும் மட்டும் அறிந்த நம் பிள்ளைகள் இதையும் அறிய வேண்டும். அவர் மயங்கியதில் வியப்பில்லை: வலுவளவு நான்கில் யுரேனியமும் தோரியமும் ஏறக்குறைய ஒரே பருமன், ஒரே பளிங்கில் குடியிருக்கும். தோரியம் அங்கேயே கிடக்கும். யுரேனியமோ இன்னும் இரண்டு இலத்திரனை இழந்து, இரண்டு ஒட்சிசனைச் சேர்த்து, யுரனைல் அயனாகி நீரோடு புறப்பட்டுவிடும்.

வழியில் அதை மறிப்பது, உன் சேற்றைக் கறுப்பாக்கும் உக்கல், அதாவது உக்கிப்போன இலைதழை. மருதமுனைத் தறிச் சத்தத்தில் வளர்ந்தவள் நீ. அந்தக் காலத்துச் சாயக்காரர் படிகாரத்தால் நூலில் சாயத்தைப் பிடிக்கவைத்தது போன்ற பிணைப்புத்தான் இதுவும். சதுப்பு உக்கல் தன்னைச் சூழ்ந்த நீரில் உள்ளதைவிட 10,000 மடங்குவரை யுரேனியத்தைத் திரட்டும் என்று ஹங்கேரியின் சலாய் காட்டினார். உன் சேறு இங்கேதான் புகழ் பெற்றது.

ஆனால் உக்கலில் ஒரு பங்கு கரையும். தேயிலைச் சாயம்போல் பழுப்பேறிய தண்ணீரைப் பார்த்திருப்பாய். கரைந்த உக்கல் யுரேனியத்தைப் பிடித்தபடியே நகரும். அப்போது அது காவலாளி அல்ல, வண்டி. கரையோரத்தில் சிப்பியும் சங்கும் கரைந்த தண்ணீரில் காபனேற்றும் கல்சியமும் கூடினால், உக்கலின் பிடியிலிருந்தே யுரேனியத்தை அவை பறித்துவிடும்.

தண்ணீர் நிற்கும் வயலில் இன்னொரு வேலை நடக்கிறது. சேற்றில் வாழும் சில பற்றீரியாக்கள் யுரேனியத்தை மீண்டும் வலுவளவு நான்குக்கு இறக்கிப் படியவைக்கின்றன. 1991இல் நுண்ணுயிரியலாளர் லவ்லியின் குழுவினர் இதைக் காட்டினார்கள். வெள்ளாமை வெட்டுக்குத் தண்ணீரை வடித்ததும் வெடித்த மண்ணுக்குள் காற்று புகும். படிந்தது பழையபடி கரையத் தொடங்கும். ஒரே வயல் ஒரு மாதம் பிடிக்கும், மறுமாதம் விடும்.

ஆகவே வயல்நீரை வடிப்பதற்கு முன் ஒரு தடவையும், காய்ந்த வயலில் முதல் மழை விழுந்த பின் ஒரு தடவையும் அதே கிணற்றில் தண்ணீர் எடு. நிறத்தையும் காபனேற்றையும் குறித்துவை. 0.45 மைக்ரோமீற்றர் வடியையும் கரைந்த உக்கல் தாண்டிவிடும். அந்த வடியில் வடித்த தண்ணீரில் இருக்கும் யுரேனியமெல்லாம் தனி அயன் என்று இந்த முறை எழுதிவிடாதே.