சாக்லேட்டில் ஒளிந்திருக்கும் உலோகங்கள்

சாக்லேட் என்றதும் நம்மில் யாருக்குத்தான் நாவில் நீர் ஊறாது? அதிலும் கசப்பு மிகுந்த கரிய சாக்லேட் இதயத்திற்கு நல்லது என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறோம். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ என்னும் நுகர்வோர் அமைப்பு, 28 கரிய சாக்லேட்டுகளைச் சோதித்த முடிவை வெளியிட்டது. அனைத்திலும் காரீயமும் காட்மியமும் இருந்தன. அவற்றுள் 23-இல் எதையேனும் வயது வந்த ஒருவர் நாள்தோறும் ஓர் அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராம், உண்டுவந்தால் இவ்விரண்டில் ஒன்றாவது வரம்பைக் கடந்துவிடுமாம். அவ்வரம்பு கலிபோர்னியா மாநிலம் வகுத்தது: நாளொன்றுக்குக் காரீயம் 0.5 மைக்ரோகிராம், காட்மியம் 4.1 மைக்ரோகிராம். மிகவும் கண்டிப்பான வரம்புதான் இது. ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கே மைக்ரோகிராம்.

தொழிற்சாலை இயந்திரங்களே இதற்குக் காரணம் என்று எண்ணத் தோன்றும். ஆனால் பெரும்பகுதி தோட்டத்திலேயே நேர்ந்துவிடுகிறது. அதுவும் இரண்டும் ஒரே வழியாக வருவதில்லை.

காட்மியம் மண்ணிலிருந்து ஏறுகிறது. கோக்கோ மரத்தின் வேர் தனக்கு வேண்டிய துத்தநாகம், மாங்கனீசு முதலிய சத்துகளை உறிஞ்சும்போது, அவற்றை ஒத்த காட்மியத்தையும் ஏமாந்து உள்ளே விட்டுவிடுகிறது. ஈக்வடார், பெரு, கொலம்பியா நாடுகளின் சில பகுதிகளில் விளையும் கொட்டைகளில் இது மிகுதி. மேற்கு ஆப்பிரிக்கக் கொட்டைகளில் பொதுவாகக் குறைவு. காரீயத்தின் வழி வேறு. காயை உடைத்தவுடன் எடுத்த கொட்டையில் அது மிகச் சொற்பம். கொட்டைகளைச் சில நாள் புளிக்கவைத்துப் பின்பு வெயிலில் பரப்புகிறார்கள், நம் ஊர்ச் சாலையோரத்தில் நெல்லும் மிளகாயும் காய்வதைப் போல. அப்போது புழுதியிலுள்ள காரீயம் கொட்டையின் மேல்தோலில் ஒட்டிக்கொள்கிறது. இதில் மரத்தின் மீது பழி சொல்ல முடியாது!

கோக்கோ கூடக்கூட இவ்வுலோகங்களும் கூடும். பால் சாக்லேட்டில் பாலும் சர்க்கரையும் மிகுதியாதலால் இவை குறைவு. உடலுக்கு நல்லதெனத் தேடி உண்பவருக்கே தொல்லை அதிகம் என்பது வேடிக்கைதான்.

உடலில் புகுந்த காட்மியம் சிறுநீரகத்தில் தங்குகிறது. அதில் பாதி வெளியேறவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும். ஜப்பானில் டொயாமா பகுதியின் ஜின்சு ஆற்றில் சுரங்கக் கழிவு கலந்தது. அந்நீர் பாய்ந்த வயல்களின் அரிசியை உண்டவர்களுக்கு, குறிப்பாக நடுவயது கடந்த பெண்களுக்கு, எலும்புகள் நலிந்து முறிந்தன. வலியால் அவர்கள் கதறிய ‘இதாய் இதாய்’ என்ற சொல்லே நோயின் பெயராயிற்று. 1968-இல் ஜப்பான் அரசு அதற்குக் காட்மியமே காரணம் என அறிவித்தது. சாக்லேட்டில் அத்தனை காட்மியம் இல்லை. ஆயினும் அரிசி, கீரை, கிழங்கு வழியாகவும் சிறிது சிறிதாக வருவதால் கூட்டுத்தொகையைத்தான் பார்க்கவேண்டும்.

காரீயம் வளரும் மூளையைத் தாக்குகிறது. இதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிறு குழந்தைகளின் உடல் இதைப் பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்கு உறிஞ்சிக்கொள்கிறது.

மாணவியராகிய நாம் அறியவேண்டியது இன்னொன்றும் உண்டு. இரும்புச்சத்துக் குறைந்தவரின் குடல், இரும்பைத் தேடித் தன் வாயில்களை அகலத் திறக்கிறது. அவ்வழியே காட்மியமும் கூடுதலாக நுழைகிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை.

ஐரோப்பிய ஒன்றியம் 2019 ஜனவரி முதல் சாக்லேட்டில் காட்மியத்துக்கு உச்சவரம்பு விதித்துள்ளது. கோக்கோ பாதிக்குமேல் உள்ளதில் கிலோவுக்கு 0.80 மில்லிகிராம். புளிப்பேறிய மண்ணில் சுண்ணாம்பு இட்டால் வேர் காட்மியத்தைக் குறைவாக உறிஞ்சும். ஆனால் பலன் தெரியக் காலம் பிடிக்கும். காரீயத்துக்கோ அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. கொட்டைகளைத் தரையிலும் சாலையோரத்திலும் பரப்பாமல், உயரமான பரண்மேல் சுத்தமான விரிப்பில் உலர்த்தினால் அடுத்த அறுவடையிலேயே குறைத்துவிடலாம்.