மனநல மருத்துவரைப் பார்க்கும் முன்னும் பின்னும்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

தூக்கம் வரவில்லை என்று மெடிக்கல் ஷாப்புக்கு ஒரு நடை. நெஞ்சு படபடப்புக்கு ஹார்ட் டாக்டர், வயிற்றைப் பிசைகிறது என்று ஸ்கேன் சென்டர். எல்லா ரிப்போர்ட்டும் நார்மல். நடுவில் கயிறு மந்திரித்துக் கட்டியாகிவிடும். வருடம் ஒன்று ஓடிய பிறகுதான் மனநல மருத்துவர். டிப்ரஷனும் பதற்றநோயும் வந்தவர்கள் பலர் சுற்றும் சுற்று இதுதான். 2015-16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சையே எடுக்கவில்லை. நீங்கள் அந்தச் சுற்றில் மாட்ட வேண்டாம்.

செய்ய வேண்டியவை

• இரண்டு வாரத்தைக் கெடுவாக வையுங்கள். நாள் முழுக்கச் சோர்வு, பிடித்த விஷயத்தில்கூட நாட்டமின்மை, தூக்கமும் பசியும் தாறுமாறு, வேலை ஓடவில்லை. இது இரண்டு வாரம் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் கெடுவெல்லாம் கிடையாது, இன்றே போங்கள்.

• போர்டில் உள்ள படிப்பைப் பாருங்கள். எம்.டி. சைக்கியாட்ரி, டி.பி.எம்., டி.என்.பி. சைக்கியாட்ரி இவற்றில் ஒன்று இருந்தால்தான் அவர் மனநல மருத்துவர். பேச்சு சிகிச்சைக்குக் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அவருக்கு ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் குழுமம்) பதிவு இருக்க வேண்டும், அவர் மாத்திரை எழுத மாட்டார். சில நாள் வகுப்புக்குப் போய் சர்டிபிகேட் வாங்கிக் கவுன்சிலர் என்று போர்டு மாட்டியவர் இந்த இரண்டிலும் சேர மாட்டார்.

• காசு இல்லையென்றால் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் டாக்டர் வருகிறார். மாத்திரையும் இலவசம். சென்னையில் 1794இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது. அங்கே போனால் உள்ளே அடைத்துவிடுவார்கள் என்பது சினிமா பார்த்து வந்த பயம். ஓபியில் காட்டிவிட்டு வீடு திரும்புகிறவர்கள்தான் அதிகம்.

• ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எப்போது தொடங்கியது, எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், சித்த மருந்து உட்பட என்னென்ன சாப்பிடுகிறீர்கள், குடி உண்டா, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா. டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் பாதி மறந்துவிடும்.

• உற்சாகத்தில் மிதந்த நாட்களையும் சொல்லுங்கள். தூங்காமலே களைப்பில்லாமல் திரிந்தது, கண்டபடி செலவு செய்தது, நிறுத்தாமல் பேசியது எல்லாம் பைபோலார் நோயின் அறிகுறியாக இருக்கலாம். அதை மறைத்துவிட்டு டிப்ரஷன் மாத்திரை மட்டும் சாப்பிட்டால் மறு எல்லைக்குத் தூக்கிப்போட்டுவிடக்கூடும்.

• ரத்தப் பரிசோதனை எழுதினால் செய்துகொள்ளுங்கள். தைராய்டு குறைந்தால் டிப்ரஷன் மாதிரியும், கூடினால் பதற்றம் மாதிரியும் இருக்கும். ரத்தசோகையும் பி12 குறைவும் இதே வேஷம் போடும்.

• முதல்முறை நெஞ்சுவலி என்றால் இ.சி.ஜி. எடுங்கள். இதயத்தில் கோளாறில்லை என்று டாக்டர் சொல்லி, வந்தது பேனிக் அட்டாக்தான் என்று உறுதியான பிறகு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக இ.சி.ஜி. எடுத்துக்கொண்டே இருக்க வேண்டாம். பேனிக் அட்டாக் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், தானே இறங்கிவிடும்.

• மாத்திரைக்கு அவகாசம் கொடுங்கள். டிப்ரஷன் மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும், ஓ.சி.டி. என்றால் எட்டு, பன்னிரண்டு வாரம்கூட ஆகலாம். ஆனால் குமட்டல், தலைவலி போன்ற பக்கவிளைவு முதல் வாரமே வந்துவிடும். பலன் தெரியும் முன் தொந்தரவு தெரிவதால்தான் பலரும் இந்த இடத்தில் ஓடிப்போகிறார்கள். ஓடாதீர்கள், டாக்டருக்குப் போன் செய்யுங்கள். இருப்புக் கொள்ளாத தவிப்போ சாவு எண்ணமோ கூடினால் அன்றே சொல்லுங்கள். 25 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

• இன்சூரன்ஸ் பேப்பரை எடுத்துப் பாருங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, உடல் நோய்க்கு நிகராக மன நோய்க்கும் காப்பீடு தரச் சொல்கிறது. ஓபி செலவு பல பாலிசிகளில் வராது, அட்மிஷன் செலவைக் கேளுங்கள்.

• இந்த எண்களை இப்போதே போனில் பதியுங்கள்: மத்திய அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, தமிழக அரசின் உதவி எண் 104, சென்னையின் தற்கொலைத் தடுப்பு அமைப்பு சிநேகா 044-24640050. டெலிமானஸ் 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

செய்யக்கூடாதவை

• நன்றாகிவிட்டது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எனக்குத் தெரிந்து ஆட்கள் அதிகம் கையைச் சுட்டுக்கொள்வது இங்கேதான். மூன்றாவது மாதம் முகம் தெளியும், வேலைக்குப் போவார்கள், ‘இனி எதற்கு?’ என்று பெட்டியைத் தூக்கி வைப்பார்கள். சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி ஒரு வெட்டு, எரிச்சல் வரலாம். பின்னாலேயே நோயும் திரும்பலாம். முதல்முறை டிப்ரஷன் என்றாலே, குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். பிறகு டாக்டர் படிப்படியாகக் குறைப்பார்.

• தூக்க மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்காதீர்கள். அல்பிரசோலம், குளோனசிபாம் வகை மாத்திரைகள் சில வாரங்களிலேயே பழக்கமாகிவிடக்கூடியவை. ரொம்ப நாளாகச் சாப்பிடுகிறவர் திடீரென்று நிறுத்தவும் கூடாது, வலிப்பு வரலாம். ‘சைக்கியாட்ரி மாத்திரை அடிமையாக்கும்’ என்று ஊர் பயப்படுகிறது. டிப்ரஷன் மாத்திரை அப்படி அடிமையாக்குவதில்லை. அதற்குப் பயந்து ஓடுகிறவர்களே இந்தத் தூக்க மாத்திரையைச் சீட்டில்லாமல் வாங்கி விழுங்குகிறார்கள்.

• தூக்கத்துக்காகக் குடிக்காதீர்கள். போதை தூங்கவைப்பது போலக் காட்டி, நடுராத்திரியில் எழுப்பிவிடும், டிப்ரஷனையும் கூட்டும். தினமும் குடிக்கிறவர் வீட்டிலேயே ஒரேயடியாக நிறுத்தவும் வேண்டாம். இரண்டு மூன்று நாளில் வலிப்பு, பிதற்றல் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். ஆஸ்பத்திரி மேற்பார்வையில் நிறுத்துங்கள்.

• கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள். கல்யாணம் வைத்தியம் இல்லை. நோயை மறைத்துச் செய்யும் கல்யாணத்தில், குட்டு வெளிப்படக் கூடாதே என்று முதல் வேலையாக மாத்திரையை நிறுத்துவார்கள்.

• கோயிலுக்கும் தர்காவுக்கும் போவதற்காகச் சிகிச்சையை விடாதீர்கள். வேண்டுதல் உங்கள் உரிமை, யாரும் தடுக்கவில்லை. ஏர்வாடி தர்காவிலேயே இன்று துவாவோடு மருந்தும் கிடைக்க ஏற்பாடு இருக்கிறது. ஆனால் கட்டிப்போடும் இடத்தில் யாரையும் விட்டுவிட்டு வராதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டுவது இன்று சட்டவிரோதம்.

• கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்து மாத்திரையை நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் மறைக்கவும் செய்யாதீர்கள். சில மாத்திரைகளைத் தொடரலாம். வால்ப்ரோயேட் போன்றவை குழந்தைக்குக் கெடுதல். பிள்ளை பெற யோசிக்கும்போதே பேசிவிட்டால் மாற்றித் தருவார்.

• அடுத்தவர் சீட்டில் மாத்திரை வாங்காதீர்கள். அறிகுறி ஒன்றுபோல இருக்கும், நோய் வேறாக இருக்கும்.

• சீட்டைக் காட்டாமல் டாக்டர் மாற்றாதீர்கள். பிடிக்கவில்லையென்றால் தாராளமாக மாற்றுங்கள், பழைய சீட்டைக் கையில் கொண்டு போங்கள். உங்கள் மருத்துவப் பதிவேட்டைக் கேட்டு வாங்கும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது.

• வீட்டில் ஒருவர் டிப்ரஷனில் படுத்துக் கிடந்தால், ‘தைரியமா இரு, எல்லாம் மனசுதான்’ என்று சொல்லாதீர்கள். தைரியத்தை வரவழைத்துக்கொள்ள முடிந்தால் அவர் படுத்துக் கிடக்க மாட்டார். ‘செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?’ என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள், வீட்டில் உள்ள மாத்திரைகளை உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

• போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து தற்கொலைக்கு முயன்றவரை வீட்டில் வைத்திருக்காதீர்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதி, தண்டிக்கக் கூடாது என்கிறது. ஆஸ்பத்திரியில் போலீசுக்குத் தகவல் போகலாம். அதற்காக ஒரு மணி நேரம்கூட வீணாக்காதீர்கள்.

திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் மனநல ஓபி எந்த நாளில் என்று இன்றே விசாரியுங்கள். யாரிடம் கேட்பது என்று தெரியவில்லையா, 14416ஐ அழையுங்கள்.