காந்தம் ஒட்டினால் மட்டமா?

உடுமலைப்பேட்டையில் கல்யாணச் சீருக்குப் பாத்திரம் எடுக்க வருகிறவர்களில் சிலர் பையில் காந்தத்தோடு வருகிறார்கள். பெரும்பாலும் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம். குடத்தில் ஒட்டினால் ‘தகரம்’ என்று நகர்ந்துவிடுவார்கள். ஒட்டாவிட்டால் விலை பேசுவார்கள்.

நம்பிக்கை: காந்தம் ஒட்டாததுதான் அசல் எவர்சில்வர்.

உண்மை: நல்ல பாத்திரங்களுக்குப் பயன்படும் 304 ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல், மீதி பெரும்பாலும் இரும்புதான். அவ்வளவு இரும்பு இருந்தும் ஏன் ஒட்டுவதில்லை? நிக்கல் சேர்ந்ததும் இரும்பு அணுக்கள் அடுக்கப்படும் விதம் மாறிவிடுகிறது. அந்த அடுக்கில் காந்தத்துக்குப் பிடி கிடைப்பதில்லை. தகட்டை அழுத்தி வளைத்து டம்ளராக்கும்போது இந்த அடுக்கு சில இடங்களில் குலையும். அதனால்தான் நடுவில் வழுக்கி விழும் காந்தம், விளிம்பில் கொஞ்சம் தயங்கி நிற்கிறது. அதை வைத்து அந்த டம்ளரை மட்டம் என்று தள்ளுவது அநியாயம்.

இன்னொரு பக்கமும் உண்டு. நிக்கல் விலை அதிகம் என்பதால் அதைக் குறைத்து, மாங்கனீசு சேர்த்துச் செய்வது 200 வரிசை. இதுவும் காந்தத்தில் ஒட்டாது. ஆனால் உப்புக்கும் புளிக்கும் 304 அளவுக்குத் தாக்குப்பிடிக்காது. காந்தச் சோதனையில் முழு மார்க் வாங்கி வீட்டுக்கு வந்துவிடும். நம்மூர் போர் தண்ணீரைப் பிடித்து வைத்தால் அடியில் புள்ளி புள்ளியாகத் துரு தெரியலாம். நிக்கல் அநேகமாக இல்லாத 430 ரகமோ காந்தத்தில் நன்றாக ஒட்டும். அது தகரமல்ல, குரோமியம் உள்ள எவர்சில்வர்தான். இண்டக்‌ஷன் அடுப்புக்குக் காந்தம் ஒட்டுகிற அடிப்பாகம் வேண்டும்; அங்கே மட்டும் ‘தகரம்’ திடீரென உயர்ந்த சரக்காகிவிடுகிறது! பாத்திரத்தில் ரகம் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். பில்லிலும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

நம்பிக்கை: காந்தம் இரும்பை மட்டுமே இழுக்கும்.

உண்மை: நிக்கலையும் கோபால்ட்டையும் இழுக்கும். தாத்தா காலத்துப் பெட்டியில் 1950களின் நிக்கல் ரூபாய் கிடந்தால் வைத்துப் பாருங்கள், ஒட்டும். பிறகு வந்த செம்பு-நிக்கல் ரூபாய் ஒட்டாது. செம்பும் அலுமினியமும் ஒட்டாவிட்டாலும், காந்தத்தின் அருகே அசையும்போது அவற்றுக்குள் மின்னோட்டம் சுழன்று அசைவைத் தடுக்கும். பழைய இ.பி. மீட்டரில் சுற்றும் அலுமினியத் தகட்டுக்கு இப்படித்தான் ஒரு காந்தம் பிரேக் போட்டது.

நம்பிக்கை: காகிதத்தில் இரும்புத் தூள் காட்டும் கோடுகள் காந்தத்திலிருந்து கிளம்புகிறவை.

உண்மை: லேத் பட்டறைத் தூளைக் காகிதத்தில் தூவி, கீழே காந்தம் வைத்துத் தட்டினால், ஒவ்வொரு துகளும் தானே சிறு காந்தமாகி அடுத்ததோடு நுனியில் கோத்துக்கொள்கிறது, பக்கத்து வரிசையைத் தள்ளுகிறது. மறுபடி தூவினால் கோடுகள் வேறு இடத்தில் விழும். காந்தப்புலம் கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவிலும் இருக்கிறது.

நம்பிக்கை: டீத்தூளில் காந்தம் வைத்து இரும்புத் தூள் ஒட்டினால் கலப்படம்.

உண்மை: வால்பாறைத் தோட்டத்து இலையானாலும் சரி, அதை நறுக்கும் இயந்திர உருளைகள் தேயும்போது சிறிது இரும்புத் துகள் உதிரும். தொழிற்சாலையிலேயே காந்தம் வைத்துப் பிரிக்கிறார்கள். அப்படியும் தங்குவதற்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் கிலோவுக்கு 150 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. வீட்டுக் காந்தம் துகள் இருப்பதைக் காட்டும், அளவைச் சொல்லாது. கொத்தாக ஒட்டினால் உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் செய்யலாம்.

நம்பிக்கை: காந்தம் ஒட்டாவிட்டால் தங்கம்.

உண்மை: பித்தளையும் ஒட்டாது. ஹால்மார்க்கோடு பொறித்த 6 இலக்க ஹெச்.யு.ஐ.டி. குறியீட்டை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் சரிபாருங்கள்.

நம்பிக்கை: மாடு கம்பி விழுங்கினால் காந்தம் கொடுத்தால் போதும்.

உண்மை: காந்தம் கொடுப்பது நிஜமான வைத்தியம்தான். அது மாட்டின் இரண்டாம் இரைப்பையில் தங்கி, தீவனத்தோடு போகும் ஆணியையும் கம்பியையும் பிடித்து வைக்கும். ஆனால் செம்புக் கம்பியைப் பிடிக்காது. ஏற்கெனவே ஆழமாகக் குத்தி இறங்கிய ஆணியையும் உருவி எடுக்காது. இரைப்பைச் சுவரைத் தாண்டினால் பக்கத்திலேயே இதயம். மாடு தீனி எடுக்காமல் முதுகை வளைத்து நின்றால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். உடுமலையில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. கட்டுத்தறி பக்கம் கிடக்கும் கம்பித் துண்டுகளை இன்றைக்கே பொறுக்கிப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிடுங்கள்.