பிங் போகுது, போட்டோ போகலை! ரவுட்டரில் 1492 என்ற எண்ணின் கதை

போன ஆடிக் கிருத்திகை சமயம். திருத்தணியில எங்க தெரு முழுக்கக் காவடிக் கூட்டம். வீட்டுக்குள்ள அக்கா லேப்டாப் முன்னாடி உட்கார்ந்து ஒரு வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கிட்டு இருந்தாங்க. அன்னைக்கு ராத்திரி 12 மணியோட கடைசி. பெயர், முகவரி, மதிப்பெண் எல்லாம் ஏறிடுச்சு. போட்டோவும் கையெழுத்தும் அப்லோட் பண்ற இடத்துல மட்டும் வட்டம் சுத்திக்கிட்டே இருந்துச்சு.

"டேய், நெட் வருதா இல்லையா?"

"வருதுக்கா. யூடியூப் ஓடுது பாரு. அந்த வெப்சைட்லதான் ஏதோ கோளாறு."

அப்படித்தான் நினைச்சேன். மொபைல் ஹாட்ஸ்பாட் போட்டோம். மலையடிவாரத்துல அவ்வளவு கூட்டம் இருந்ததால டேட்டா தவழ்ந்துதான் வந்துச்சு. ஆனாலும் 11.40-க்கு போட்டோ ஏறிடுச்சு. அக்கா பெருமூச்சு விட்டுட்டுத் தூங்கப் போயிட்டாங்க. எனக்குத்தான் தூக்கம் வரலை. அதே வெப்சைட், அதே போட்டோ. மெதுவான மொபைல்ல போகுது, வேகமான ஃபைபர்ல போகலைன்னா, இது வேகப் பிரச்சினையே இல்லையே?

இல்லைதான். இது அளவுப் பிரச்சினை. அதைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை.

எம்.டி.யூ. என்றால் என்ன?

நாம அனுப்புற எந்த ஃபைலும் முழுசாப் போறதில்லை. சின்னச் சின்ன பாக்கெட்டாப் பிரிஞ்சுதான் போகுது. ஒரு இணைப்பில் ஒரே தடவையில் போகக்கூடிய மிகப் பெரிய பாக்கெட்டின் அளவுதான் எம்.டி.யூ. சாதாரண ஈதர்நெட்டில் இது 1500 பைட்.

வீட்டு ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து ரவுட்டர் லாகின் ஆகும். அந்த முறைக்குப் பெயர் பி.பி.பி.ஓ.இ. 1999-ல் ஆர்.எஃப்.சி. 2516 என்ற ஆவணமா வெளியானது. இதில் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கூடுதலா ஒரு உறை மாட்டணும்: பி.பி.பி.ஓ.இ. தலைப்புக்கு 6 பைட், பி.பி.பி.-க்கு 2 பைட், மொத்தம் 8. இந்த உறையும் அந்த 1500-க்குள்ளேயே அடங்கணும். அதனால நம்ம பாக்கெட்டுக்கு மிச்சம் இருப்பது:

1500 − 8 = 1492

ரவுட்டர் செட்டிங்ஸில் பலரும் பார்த்திருக்கும் அந்த எண் இப்படித்தான் வந்தது.

கரும்பு லாரியும் பாலமும்

திருவாலங்காடு சர்க்கரை ஆலைக்கு லோடு ஏத்திக்கிட்டுப் போற ஒரு கரும்பு லாரியை நினைச்சுக்கோங்க. வழியில ஒரு ரயில்வே பாலம் தாழ்வா இருக்கு. ரோடு எவ்வளவு அகலமா இருந்தாலும் சரி, லோடு எவ்வளவு உயரம் இருக்கலாம்னு முடிவு பண்றது அந்தத் தாழ்வான பாலம்தான்.

பாலத்துக்கு முன்னாடி ஒரு காவலர் நின்னு, "இவ்வளவு உயரம்தான் போகும், குறைச்சு ஏத்திட்டு வாங்க"ன்னு சொன்னா பிரச்சினை இல்லை. இணையத்தில் இந்த வேலையைச் செய்வது ஐ.சி.எம்.பி. என்ற செய்தி. பாக்கெட் பெருசா இருந்தா, "இது பெருசு, என் வழியில் இவ்வளவுதான் போகும்"னு வழியில இருக்கிற ரவுட்டர் அனுப்பினவருக்குத் திருப்பிச் சொல்லும். அதைக் கேட்டு அனுப்புறவர் அளவைக் குறைச்சுக்குவார். 1990-ல் மோகுலும் டீரிங்கும் எழுதிய ஆர்.எஃப்.சி. 1191 சொல்வது இந்த முறையைத்தான்.

ஆனா காவலர் எதுவும் சொல்லாம லாரியை ஓரங்கட்டிட்டா? அனுப்பினவருக்கு லாரி போய்ச் சேரலைன்னு மட்டும்தான் தெரியும். ஏன்னு தெரியாது. அதனால அதே உயரத்துல இன்னொரு லோடு அனுப்புவார். அதுவும் போகாது. மறுபடியும் ஒண்ணு. அக்கா பார்த்த அந்தச் சுத்துற வட்டம் இதுதான்.

சின்ன பாக்கெட்டுகளுக்கு இந்தப் பாலம் ஒரு தடையே இல்லை. அதனால பிங் போகும், பெயரும் முகவரியும் ஏறும். சில சர்வர்கள் இணைப்பு தொடங்கும்போதே சின்ன அளவாக் கேட்டு வாங்கிக்கும். அந்தத் தளங்களும் தப்பிச்சிடும். மாட்டுவது மத்த தளங்களுக்குப் போற பெரிய பாக்கெட் மட்டும். "சில சைட் வருது, சில சைட் வரலை", "மெயில் போகுது, அட்டாச்மெண்ட் போகலை"ன்னு யாராவது சொன்னா, முதல்ல அளவைச் சந்தேகப்படுங்க.

அளந்து பார்ப்பது எப்படி?

மறுநாள் காலையில லேப்டாப்பை ரவுட்டரோட கேபிள்ல இணைச்சுட்டு உட்கார்ந்தேன். விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்ட்டில் பிங் கட்டளையோட இரண்டு விஷயம் சேர்க்கணும். மைனஸ் குறியோட எஃப் போட்டா, "வழியில் உடைக்காதே" என்று அர்த்தம். மைனஸ் குறியோட எல் போட்டு ஒரு எண் கொடுத்தா, அது அனுப்பும் தரவின் அளவு. இரண்டும் சின்ன எழுத்து. கடைசியா 1.1.1.1 மாதிரி ஒரு முகவரி.

ஒரு விஷயம் கவனிங்க. நீங்க கொடுக்கிற எண்ணோட ஐ.பி. தலைப்பு 20 பைட்டும் ஐ.சி.எம்.பி. தலைப்பு 8 பைட்டும் சேரும். ஆக 28-ஐக் கூட்டினால்தான் முழு பாக்கெட் அளவு.

1464 + 28 = 1492
1472 + 28 = 1500

1464 கொடுத்தேன், பதில் வந்துச்சு. 1465 கொடுத்தேன், "ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்"னு வந்துச்சு. 1472-க்கும் அதேதான். ஒரே ஒரு பைட் கூடினா மௌனம்.

இந்த மௌனம்தான் துப்பு. ரவுட்டரில் எண் சரியா இருந்தா, "பாக்கெட்டை உடைக்க வேண்டும், ஆனால் உடைக்கக் கூடாது என்று குறிக்கப்பட்டுள்ளது" என்ற பொருளில் ஒரு வரி உடனே வரணும். அதாவது காவலர் பேசணும். இங்க காவலர் பேசலை. ஏன்?

ரவுட்டரைத் திறந்து பார்த்தேன். இணைய இணைப்புப் பக்கத்தில் எம்.டி.யூ. 1500 என்று இருந்தது. அதைப் போட்டது வேற யாரும் இல்லை, நான்தான்! இரண்டு நாள் முன்னாடி, "எம்.டி.யூ. கூட்டினா வேகம் கூடும்"னு ஒரு வீடியோ பார்த்துட்டு 1492-ஐ 1500 ஆக்கியிருந்தேன். சில ரவுட்டர்கள் பி.பி.பி.ஓ.இ.-யில் 1492-க்கு மேல ஏத்துக்காது. எங்க ரவுட்டர் ஏத்துக்கிச்சு. பாலம் 1500 உயரம்னு நம்பி லாரியை அப்படியே அனுப்பிடுச்சு. உறையோட சேர்ந்து 1508 ஆன பாக்கெட்டை அடுத்த பெட்டி சத்தமில்லாம கீழே போட்டுச்சு.

வேகம் கூடுமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஐ.பி., டி.சி.பி. தலைப்புகளுக்கு 40 பைட் போயிடும்.

1500-ல் பயனுள்ள தரவு 1460, அதாவது 97.33 சதவீதம்.
1492-ல் பயனுள்ள தரவு 1452, அதாவது 97.32 சதவீதம்.

0.01 சதவீதத்துக்கு ஆசைப்பட்டு அக்காவோட விண்ணப்பத்தையே கெடுக்கப் பார்த்தேன். அதுக்காக ரொம்பக் குறைக்கவும் வேண்டாம். 576 வெச்சா பயனுள்ள பங்கு 93 சதவீதமா இறங்கிடும். ஐ.பி.வி.6-க்கு ஒவ்வொரு இணைப்பிலும் குறைஞ்சது 1280 இருந்தாகணும். அதுக்குக் கீழே போகவே கூடாது.

நீங்க செய்ய வேண்டியது

1. பழைய எண்ணை முதல்ல ஒரு தாளில் எழுதி வைங்க.
2. பிங் வெச்சு, பதில் வரும் மிகப் பெரிய எண்ணைக் கண்டுபிடிங்க. அதோட 28-ஐக் கூட்டுங்க.
3. அந்த விடையை ரவுட்டரில் இணைய இணைப்புப் பக்கத்தில் போடுங்க. வீட்டுக்குள் இருக்கும் லேப்டாப், போன் எதிலும் கை வைக்க வேண்டாம்.
4. "எம்.எஸ்.எஸ். கிளாம்ப்பிங்" என்ற வசதி இருந்தா ஆன் பண்ணுங்க. 1492-க்கு அது 1452. இணைப்பு தொடங்கும்போதே இரண்டு பக்கமும் இந்த அளவுக்குள் அனுப்பும்படி ரவுட்டர் பார்த்துக்கும்.
5. சேவ் பண்ணி, ரவுட்டரை ரீஸ்டார்ட் பண்ணி, அதே பிங் சோதனையை மறுபடி செய்யுங்க.

1492-ஐத் திரும்பப் போட்டேன். 1465-க்கு இந்தத் தடவை அந்தப் பிழை வரி உடனே வந்துச்சு. பிழைச் செய்தியைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அன்னைக்குத்தான்.

அக்காகிட்ட உண்மையைச் சொன்னேன். "அப்போ வெப்சைட்டைத் திட்டினது யாரு?"ன்னு கேட்டாங்க. இப்போ எங்க ரவுட்டர் மேல ஒரு சீட்டு ஒட்டியிருக்கு. அக்கா கையெழுத்து: "1492. தொடாதே."