பேச ஒரு வேளை, மன்னிக்க எவ்வேளையும்

தியானப் பகுதி: 1 சாமுவேல் 25:18-38, ஆதியாகமம் 45:1-8, யாக்கோபு 3:1-12



பணித்தளத்தில் ஊழியம் தடைபடும்போது, வெளியிலிருந்து வரும் எதிர்ப்புகளுக்காகவே முதலாவது ஜெபிக்கிறோம். ஆனால் ஒரே திருவிருந்தில் பங்குபெறும் இருவர் ஒருவர் முகத்தை ஒருவர் பாராதிருப்பதும் ஊழியத்தைத் தடுக்கிறதல்லவா? பெரிய காட்டை எரித்துப்போட ஒரு சிறு பொறி போதும் என்று நாவைக் குறித்து யாக்கோபு எச்சரிக்கிறார். இம்மாதம் நம்முடைய பேச்சையும் மௌனத்தையும் மன்னிப்பையும் வேத வெளிச்சத்தில் ஆராய்ந்து பார்ப்போம்.

1. மௌனத்தில் இரண்டு வகை உண்டு

அபிகாயிலைப் பாருங்கள். தாவீது பட்டயத்தோடு புறப்பட்டு வருகிறான் என்று அறிந்தவுடன் அவள் தாமதிக்கவில்லை. எதிர்கொண்டு போய்த் தாழ்மையோடு பேசி, இரத்தஞ்சிந்துதலைத் தடுத்தாள். வீடு திரும்பியபோதோ நாபால் வெறித்திருந்தான். பொழுது விடியுமட்டும் அவனிடம் ஒன்றும் சொல்லாதிருந்தாள். ஒரே நாளில் அவள் பேசவும் செய்தாள், பேசாதிருக்கவும் செய்தாள். இரண்டும் ஞானமாயிருந்தன, ஏனெனில் இரண்டிலும் அவள் பிறருடைய ஜீவனையே நினைத்தாள், தன் கோபத்தை அல்ல.

நம் ஆண்டவரும் ஏரோதின் கேள்விகளுக்கு மறுமொழி கூறவில்லை (லூக்கா 23:9). ஆனால் தம்மை அறைந்த சேவகனிடம், தாம் தவறாய்ப் பேசியிருந்தால் அதை எடுத்துக்காட்டும்படி கேட்டார் (யோவான் 18:23). வேடிக்கை பார்க்க விரும்பியவனுக்கு மௌனம். அநியாயம் செய்தவனுக்கு, அவன் மனச்சாட்சி விழிக்கும்படி ஒரு கேள்வி. பழிவாங்கும் மௌனம் வேறு, பொறுமையின் மௌனம் வேறு. முந்தினது கதவைப் பூட்டுகிறது. பிந்தினது கதவருகே காத்திருக்கிறது.

2. உண்மையை முகத்துக்கு நேரே, அன்போடு பேசுதல்

செகந்திராபாத்திலிருந்து விஜயவாடாவுக்கு இரயிலில் செல்வோர், வாரங்கலைக் கடந்தபின் தோர்ணக்கல் சந்திப்பைக் காண்பார்கள். அன்றைய நிஜாம் சமஸ்தானத்தில் இருந்த அந்தச் சிற்றூருக்கு, திருநெல்வேலி வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா 1909-ல் மிஷனெரியாக வந்தார். 1903-ல் தோன்றிய திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் அவரை அனுப்பியது.

1910 ஜூன் மாதம் எடின்பரோவில் நடைபெற்ற உலக மிஷனெரி மாநாட்டில், ஏறக்குறைய 1,200 பிரதிநிதிகளுக்கு முன்பாக அவர் பேசினார். அயல்நாட்டு ஊழியருக்கும் இந்திய உடன் ஊழியருக்கும் இடையே தோழமை குறைவுபட்டிருப்பதை அவர் மறைக்கவில்லை. அவர்களுடைய தியாகத்தை நன்றியோடு அறிக்கையிட்டபின், எங்களுக்கு நண்பர்களாயிருங்கள் என்று வேண்டிக்கொண்டார். அவ்வார்த்தை அநேகரைப் புண்படுத்தியது. அநேகரைச் சிந்திக்கவும் வைத்தது.

இதில் நாம் கற்க வேண்டியவை மூன்று. அவர் முதுகுக்குப் பின்னே முறுமுறுக்காமல், சம்பந்தப்பட்டவர்களின் முன்னிலையிலேயே பேசினார். குறையைச் சொல்லுமுன் நன்றியைச் சொன்னார். பேசியபின் விலகிப் போகவில்லை. அதே அயல்நாட்டு ஊழியரோடு சேர்ந்து தொடர்ந்து உழைத்தார். 1912 டிசம்பர் 29-ல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்று, 1945-ல் மரிக்குமட்டும் தோர்ணக்கல் மக்களிடையே ஊழியஞ்செய்தார். கடிந்துகொண்டபின் கூட இருந்து உழைக்க மனதில்லாதவனுக்குக் கடிந்துகொள்ள உரிமை உண்டோ?

3. மன்னிப்பு குற்றத்தை மறைப்பதல்ல

1999 ஜனவரி 22 நள்ளிரவில், ஒரிசாவின் மனோகர்ப்பூரில் கிரகாம் ஸ்டெயின்ஸ் ஐயாவும் அவர் மகன்கள் பிலிப்பும் தீமோத்தேயுவும் வாகனத்தோடு எரித்துக் கொல்லப்பட்டதை நாம் அறிவோம். கொலையாளிகளை மன்னித்துவிட்டதாக கிளாடிஸ் அம்மையார் அறிவித்தார். மகள் எஸ்தரோடு பாரிபதாவிலேயே தங்கி, 2004 வரை தொழுநோயாளரிடையே பணியைத் தொடர்ந்தார். ஆயினும் வழக்கு நடைபெற்றது; 2003-ல் தண்டனை விதிக்கப்பட்டது. அம்மையாரின் மன்னிப்பு நியாயத்தீர்ப்பைத் தடுக்கவில்லை. நியாயத்தீர்ப்பு மன்னிப்பைப் பொய்யாக்கவுமில்லை. ஆகையால், வீட்டில் அடிபடும் மனைவியையோ துன்புறுத்தப்படும் பிள்ளையையோ பார்த்து, "மன்னித்துவிடு, வெளியே சொல்லாதே" என்று நாம் சொல்வோமானால், அது சுவிசேஷம் அல்ல.

அடியேனின் அனுபவம் ஒன்றையும் அறிக்கையிட வேண்டும். செகந்திராபாத்தில் எங்கள் தமிழ் ஜெபக்குழுவின் காணிக்கைக் கணக்கில் ஒருமுறை 250 ரூபாய் குறைந்தது. பெட்டிகளைத் திறந்து எண்ணுகிறவர் ஓய்வுபெற்ற ஒரு மூத்த சகோதரர். எல்லாருக்கும் முன்பாக, "கணக்கறியாதவர்களுக்குப் பொறுப்பு எதற்கு?" என்று கேட்டுவிட்டேன். அவர் மறுமொழி சொல்லவில்லை. அதன்பின் கூடுகைக்கு வந்து கடைசி வரிசையில் அமர்ந்து, ஜெபம் முடிந்தவுடன் போய்விடுவார். நானும் பதினோரு மாதங்கள் பேசாதிருந்தேன். அதைப் பொறுமை என்று எண்ணிக்கொண்டேன்.

ஆண்டுக் கணக்கை முடிக்கையில் தவறு தெரிந்தது. ஒரு ரசீதை இருமுறை வரவு வைத்தவன் நானே! அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன். "உட்காருங்கள் தம்பி" என்றார். நான் சொல்லத் தொடங்குமுன், "அந்த ரசீதுதானே? அன்றைக்கே பார்த்தேன். சபை நடுவே சொன்னால், நாளைக்கு உங்களை நம்பி யார் பெட்டியைக் கொடுப்பார்கள்? தனியே சொல்லலாம் என்றிருந்தேன், நீங்கள் முகங்கொடுக்கவில்லையே" என்றார்.

யோசேப்பு தன்னைச் சகோதரருக்கு வெளிப்படுத்துமுன் எகிப்தியர் யாவரையும் வெளியே அனுப்பியதன் பொருள் அன்று எனக்கு விளங்கிற்று. தன்னை விற்றுப்போட்டவர்கள் அந்நியர் முன்பாக வெட்கப்படுவதை அவன் விரும்பவில்லை. மன்னிக்கிற இருதயம் பிறனுடைய மானத்தையும் காக்கிறது. ஆனால் தவறிழைத்த நானோ இரகசியமாய் மன்னிப்புக் கேட்டு முடித்துவிடலாகாது. பலர் முன்பாகச் சொன்ன வார்த்தையைப் பலர் முன்பாகவே திரும்பப் பெற வேண்டும். அடுத்த கூடுகையில் அப்படியே செய்தேன். அவர் எழுந்து வந்து என் பக்கத்தில் அமர்ந்தார்.

பிரியமானவர்களே, இந்த வாரத்தில் நம்மை நாமே கேட்போம்:

அ) நான் பேசாதிருக்கும் ஒருவர் உண்டா? அது காத்திருக்கும் மௌனமா, தண்டிக்கும் மௌனமா?

ஆ) முகத்துக்கு நேரே சொல்லத் துணியாததை வேறெங்கோ சொல்லிக்கொண்டிருக்கிறேனா?

இ) பொதுவில் சிந்திய எந்த வார்த்தையைப் பொதுவில் திரும்பப் பெற வேண்டும்?

காணிக்கையைப் படைக்குமுன் சகோதரனோடு ஒப்புரவாகும்படி ஆண்டவர் கற்பித்தார் (மத்தேயு 5:23-24). பெட்டியிலுள்ள தொகையைக் காட்டிலும், அதைக் கொண்டுவரும் கரங்கள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதை அவர் நோக்கிப் பார்க்கிறார்.

ஜெபம்: ஆண்டவரே, பேச வேண்டிய வேளையில் தைரியத்தையும், அடங்க வேண்டிய வேளையில் கிருபையையும் தாரும். மன்னிப்புக் கேட்க எங்கள் முழங்கால்களை மட்டுமல்ல, எங்கள் கால்களையும் நடத்தும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.