ஒரே எரிமலை, இரண்டு சரிவுகள்: ருவாபெஹுவில் எந்தப் பக்கம் சறுக்குவது?

ருவாபெஹுவுக்குப் போவதென்று முடிவான வீட்டில் அடுத்த விவாதம் 'எந்தப் பக்கம்?' என்பதுதான். நியூசிலாந்தின் வடக்குத் தீவில் 2,797 மீட்டர் உயரத்துக்குத் தனித்து நிற்கிறது இந்த எரிமலை. அதன் வடமேற்குச் சரிவில் ஃபகபாபா, தென்மேற்குச் சரிவில் தூரோவா என இரண்டு பெரிய பனிச்சறுக்குத் தளங்கள் இருக்கின்றன. மலை ஒன்றுதான். ஆனால் சாலை வேறு, ஊர் வேறு, பனியின் குணமும் வேறு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக மலையைச் சுற்றிக்கொண்டு ஏறக்குறைய ஒரு மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். காலையில் இங்கே, மதியம் அங்கே என்று திட்டம் போட்டால் பாதி நாள் சாலையிலேயே கழிந்துவிடும்.

டிக்கெட்டும் வேறு. இரண்டு தளங்களையும் சேர்த்து நடத்திவந்த நிறுவனம் கொரோனா முடக்கத்தாலும் பனி பொய்த்த 2022 பருவத்தாலும் நொடித்துப்போனது. அதன்பின் இரண்டும் தனித்தனிக் கைகளுக்குப் போயின. ஒரு பக்கத்துப் பாஸ் மறு பக்கத்தில் செல்லும் என்று நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

தேர்ந்தெடுப்பதற்கு என்னிடம் இருப்பது ஒரே ஒரு அளவுகோல். உங்கள் குழுவில் நன்றாகச் சறுக்கத் தெரிந்தவரை மறந்துவிடுங்கள். பனியையே பார்க்காதவர் யார், குளிருக்குப் பயப்படுபவர் யார், முழங்கால் வலிக்காரர் யார் என்று பாருங்கள். அவரை வைத்துப் பக்கத்தைத் தீர்மானியுங்கள்.

ஃபகபாபா: கற்றுக்கொள்ள வருபவர்களுக்கு

ஆங்கில எழுத்தைப் பார்த்து 'வாகபாபா' என்று படிப்பவர்கள் உண்டு. மாவோரி மொழியில் அந்த முதல் ஒலி 'ஃப'. வம்சாவளி என்பது அந்தச் சொல்லுக்குப் பொருள். சுமார் 550 ஹெக்டேர் பரப்புள்ள இது நாட்டின் மிகப் பெரிய சறுக்குத்தளங்களில் ஒன்று. ருவாபெஹு ஸ்கீ கிளப் 1913-இல் தொடங்கியது. நாட்டின் பனிச்சறுக்கு வரலாறே ஏறக்குறைய இந்தச் சரிவில்தான் ஆரம்பிக்கிறது.

தொடக்கநிலையாளருக்கு இங்கே உள்ள பெரிய வசதி ஹாப்பி வேலி. அடிவாரத்தை ஒட்டிய ஒரு சிறு பள்ளத்தாக்கு அது. முக்கியச் சரிவுகளிலிருந்து ஒதுங்கியிருப்பதால், வேகமாக வருபவர்கள் உங்களை உரசிக்கொண்டு போக வழியில்லை. முதல் நாள் அங்கே நடப்பது இதுதான்: ஸ்கீ பூட்ஸை மாட்டியதும் கணுக்கால் மடங்காது. குதிகாலை முதலில் ஊன்றி, மாவுக்கட்டுப் போட்டவர் மாதிரி நடந்து பனிக்கு வருவீர்கள். பயிற்சியாளர் இரு ஸ்கீகளின் முன்முனைகளைக் கிட்டக் கொண்டுவந்து, பின்முனைகளை ஓட்டுக்கூரை மாதிரி விரிக்கச் சொல்வார். அதுதான் பிரேக். நகரும் பட்டையில் ஏறி நின்றால் அது உங்களை மேலே கொண்டுபோய் விடும். அங்கிருந்து ஐம்பதடி இறங்கி, விழுந்து, எழுந்து, மறுபடி ஏறுவீர்கள். மதியத்துக்குள் பிரேக் பிடிபட்டுவிட்டால் அந்த நாள் வெற்றி. இதற்கு முழு மலைக்கான பாஸ் தேவையே இல்லை. பயிற்சி, வாடகைச் சாமான், தொடக்கநிலை லிஃப்ட் மூன்றும் சேர்ந்த தொகுப்பை வாங்கினால் போதும்.

சறுக்காதவர்களுக்கும் இங்கே வேலை உண்டு. 2019-இல் திறந்த ஸ்கை வாக்கா என்ற கோண்டோலா 1.8 கிலோமீட்டர் தூரத்துக்கு மேலேறி, 2,020 மீட்டர் உயரத்தில் உள்ள உணவகத்தில் இறக்கிவிடும். வாக்கா என்றால் மாவோரியில் ஓடம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பின்னக்கிள்ஸ் என்னும் கூர்முனைப் பாறைகள் வரிசையாக நிற்கும். தாத்தா பாட்டியோடு போகும் குடும்பத்துக்கு, அவர்களை வண்டி நிறுத்தத்தில் குளிரில் உட்காரவைக்காமல் இருக்க இது ஒன்றே போதுமான காரணம்.

குறையையும் சொல்ல வேண்டும். பழைய எரிமலைக் குழம்பு இறுகி உண்டான மேடுபள்ளங்கள் நிறைந்தது இந்தச் சரிவு. பாறைகளை மூடவே நிறையப் பனி விழ வேண்டும். அதனால் பருவத்தின் தொடக்கத்தில் மேல் சரிவுகள் திறக்கத் தாமதமாகலாம். நியூசிலாந்தில் சூரியன் வடக்கே நிற்பதால் வடமேற்கு பார்த்த இந்தப் பக்கம் வெயிலும் அதிகம் வாங்கும்.

தூரோவா: சறுக்கத் தெரிந்தவர்களுக்கு

தூரோவாவின் வண்டி நிறுத்தம் ஏறக்குறைய 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஏறினால் ஹை நூன் எக்ஸ்பிரஸ் என்ற ஆறு பேர் அமரும் சேர்லிஃப்ட் 2,322 மீட்டருக்குக் கொண்டுபோகும். நாட்டிலேயே மிக உயரமான லிஃப்ட் இதுதான். மேலிருந்து கீழ்வரை 722 மீட்டர் இறக்கம். ஒரே மூச்சில் இறங்கினால் தொடை எரியும். திருப்பம் போடத் தெரிந்தவருக்கு அந்த எரிச்சல்தான் சந்தோஷம். வானம் தெளிந்த நாளில் மேலே நின்று மேற்கே பார்த்தால் தொலைவில் தாரனாகி என்னும் இன்னொரு எரிமலையின் கூம்பு தெரியும்.

தென்மேற்கு பார்த்த சரிவு என்பதால் பனி இங்கே நின்று கரையும். அதே காரணத்தால் காலை ஒன்பது மணிக்குச் சரிவு கண்ணாடித் தரை மாதிரி இறுகியிருக்கும். வசந்தகாலத்தில் பத்து, பத்தரைக்கு மேல் மேற்பரப்பு இளகிச் சர்க்கரைக் குருணை போலாகும்போதுதான் ஸ்கீ கேட்டபடி திரும்பும். அவசரப்படாமல் காபி குடித்துவிட்டுப் போகலாம்.

தொடக்கநிலையாளருக்கு இங்கும் ஆல்பைன் மெடோ என்ற இடம் இருக்கிறது. ஆனால் சறுக்காதவர் மலைமேல் பொழுதுபோக்க ஃபகபாபா அளவுக்கு வழியில்லை.

எங்கே தங்குவது?

ஃபகபாபா பக்கம் என்றால் அடிவாரத்து ஃபகபாபா கிராமம் அல்லது அங்கிருந்து 15 கிலோமீட்டரில் உள்ள நேஷனல் பார்க் கிராமம். அடிவாரத்தின் அடையாளமாக 1929-இல் இருந்து நின்ற ஷாட்டோ டோங்காரிரோ ஹோட்டல் 2023 பிப்ரவரியில் மூடிவிட்டது. பழைய பயணக் கட்டுரைகளைப் படித்து அங்கே அறை தேடாதீர்கள்.

தூரோவா பக்கம் என்றால் ஓஹாகுனே. ஊர் முகப்பில் 1984-இல் வைத்த ராட்சதக் கேரட் சிலை வரவேற்கும். கேரட் விளைச்சலுக்குப் பேர்போன ஊர். சறுக்குத்தளத்துக்கு 17 கிலோமீட்டர் மலைச்சாலை. சாப்பாடு, வாடகைக் கடைகள், மாலைநேரக் கலகலப்பு ஆகியவற்றில் இரண்டு பக்கங்களில் ஓஹாகுனேதான் முந்தும்.

மனம் இரண்டாகப் பிரிந்தால் நேஷனல் பார்க் கிராமத்தில் தங்குங்கள். அங்கிருந்து ஃபகபாபா அரை மணி நேரம். தூரோவா ஒரு மணி நேரத்துக்குள். எந்தப் பக்கம் காற்று குறைவோ அந்தப் பக்கம் போகலாம். ஆக்லாந்தையும் வெலிங்டனையும் இணைக்கும் நார்தர்ன் எக்ஸ்புளோரர் ரயில் இந்த ஊரிலும் ஓஹாகுனேயிலும் நிற்கும். தினசரி ஓடாது, நாள் பார்த்துப் பதிவு செய்யுங்கள். காரில் எந்த நகரத்திலிருந்து வந்தாலும் நான்கு, நாலரை மணி நேரம்.

எப்போது போவது?

வழக்கமாக ஜூன் கடைசி, ஜூலையில் தொடங்கி அக்டோபர் வரை பருவம். ஜூலையில் புயலும் அதிகம், பனித்தளமும் மெலிது. ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரைதான் நல்ல கனம் சேர்ந்திருக்கும். ஜூலை முதல் பாதியும், செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் தொடக்கம் வரையும் அந்நாட்டுப் பள்ளி விடுமுறை. வாடகைக் கடையிலேயே வரிசை நிற்கும். தமிழ்நாட்டுக் காலாண்டு விடுமுறையும் அந்த இரண்டாவது கூட்டத்தோடு மோதும். சிங்கப்பூரிலிருந்து போகிறவர்களுக்கு அதிர்ஷ்டம். அவர்களுடைய செப்டம்பர் முதல் வார விடுமுறை சரியான நேரத்தில் விழுகிறது.

மலை உயிரோடு இருக்கிறது

உச்சியில் ஓர் எரிமலை ஏரி வெந்நீராகக் கிடக்கிறது. 1945 வெடிப்பில் ஏரி வற்றியது. ஏரிநீர் வெளியேறும் வாயில் சாம்பல் அணைபோலக் குவிந்தது. எட்டு ஆண்டுகளில் ஏரி மறுபடி நிறைந்து, 1953 டிசம்பர் 24 இரவு அந்த அணை உடைந்தது. லஹார் எனப்படும் எரிமலைச் சேற்று வெள்ளம் தாங்கிவாய் ரயில் பாலத்தை அரித்துவிட, சற்று நேரத்தில் வந்த ஆக்லாந்து விரைவு ரயில் ஆற்றில் விழுந்தது. 151 பேர் இறந்தார்கள். தாங்கிவாய் என்ற பெயருக்கு அழும் நீர் என்று பொருள். 2007 மார்ச்சில் இதே மாதிரி அணை மறுபடி உடைந்தபோது எச்சரிக்கைக் கருவிகள் வேலை செய்தன. ஓர் உயிரும் போகவில்லை.

1995, 1996 வெடிப்புகள் சறுக்குப் பருவங்களையே கெடுத்தன. 2007 செப்டம்பரில் முன்னறிகுறி ஏதுமின்றி ஒரு வெடிப்பு நடந்தது. ஆகவே ஃபகபாபாவில் லிஃப்ட் ஏறுமுன் லஹார் பலகையை ஒரு நிமிடம் நின்று படியுங்கள். சங்கு ஒலித்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பள்ளத்தை விட்டு விலகிப் பக்கத்து மேட்டில் ஏறுவது. கீழ்நோக்கிச் சறுக்கித் தப்பிக்கப் பார்ப்பதுதான் தவறு, ஏனென்றால் சேறும் அதே பள்ளத்தில்தான் வரும். கிளம்புமுன், அந்நாட்டு எரிமலைகளைக் கண்காணிக்கும் ஜியோநெட் வெளியிடும் எரிமலை எச்சரிக்கை நிலையைப் பாருங்கள். 0 முதல் 5 வரை உள்ள அளவில் இந்த மலை பெரும்பாலும் 1-இல் இருக்கும்.

இந்தச் சிகரங்கள் மாவோரி மக்களுக்குப் புனிதமானவை. 1887-இல் தூஃபாரெடோவா குலத் தலைவர் ஹோரோனுகு தே ஹெயுஹெயு சிகரங்களை நாட்டுக்கு அளித்ததிலிருந்து பிறந்ததுதான் டோங்காரிரோ தேசியப் பூங்கா. உச்சி ஏரியின் கரையில் நின்று படம் எடுக்கும் ஆசையை விட்டுவிடுவது பாதுகாப்பும் மரியாதையும் ஆகும்.

பெட்டி கட்டுமுன்

ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது, குளிர் எலும்பில் ஏறும். கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை, நீர்புகாத மேலாடை, கண்ணாடி, சன்ஸ்கிரீன் கட்டாயம். டீசல் கார் எடுத்தால், நகரத்தில் நிரப்பிய டீசல் இரவுக் குளிரில் மெழுகாக உறைந்து காலையில் வண்டி கிளம்பாமல் போகலாம். மலையோர ஊர்களில் ஆல்பைன் டீசல் என்று கேட்டு நிரப்புங்கள். டயர் சங்கிலி வாடகைக்கு எடுத்தால், கடை வாசலிலேயே ஒருமுறை மாட்டிப் பழகுங்கள். விபத்துச் சிகிச்சைக்கு அந்நாட்டின் ஏசிசி திட்டம் வெளிநாட்டவருக்கும் உதவும். ஆனால் ஊர் திரும்பும் செலவும் ரத்தான அறைக் கட்டணமும் அதில் வராது. பனிச்சறுக்கைச் சேர்த்துக்கொள்ளும் பயணக் காப்பீடு தனியாக எடுங்கள்.

தீர்ப்பு

முதல்முறைப் பனி, சிறு பிள்ளைகள், பெரியவர்கள் என்றால் ஃபகபாபா. எல்லோருக்கும் திருப்பம் போடத் தெரியும் என்றால், செப்டம்பரில் தூரோவா. பாதிப் பேர் தெரிந்தவர், பாதிப் பேர் தெரியாதவர் என்றால் ஃபகபாபாவே. தெரிந்தவருக்கு அங்கேயும் செங்குத்துச் சரிவுகள் உண்டு. தெரியாதவருக்கு 722 மீட்டர் இறக்கத்தால் பயன் ஒன்றுமில்லை.

எந்தப் பக்கம் போனாலும் நாளைக் கூட்டிப் போடுங்கள். தனித்து நிற்கும் மலை என்பதால் எந்தத் திசைக் காற்றும் இதன்மேல்தான் மோதும். லிஃப்ட் நின்றுபோகும் நாள் கட்டாயம் வரும். அன்றைக்கு ஃபகபாபா கிராமத்திலிருந்து தாரனாகி அருவிக்கு நடந்துவிட்டு வரலாம், அல்லது டோகானு வெந்நீர்க் குளத்தில் கிடக்கலாம். இரண்டு நாள் சறுக்க ஆசைப்பட்டால் நான்கு நாள் அறை போடுங்கள். மூன்றாவது நாளும் மலை திறந்திருந்தால் அது உபரி.