குங்குமச் சிமிழும் எஃகு அச்சும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஸ்ரீரங்கம் கோயில் வாசல் கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் குங்குமச் சிமிழை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் மூடியின் நடுவில் ஊசி குத்தியது போல ஒரு புள்ளி தெரியும். உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழைந்த வழி அது. தொழிலில் ‘கேட்’ என்பார்கள். அது எங்கே வர வேண்டும் என்பது எஃகில் கை வைப்பதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். இன்ஜெக்‌ஷன் மோல்டு வடிவமைப்பில் புதிதாக இறங்குபவர்கள் சறுக்குவது இந்தத் தொடக்கத்தில்தான்.

நம்பிக்கை 1: பொருளின் அளவுதான் அச்சின் அளவு.

உண்மை: பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும். ஏபிஎஸ் சுமார் அரை சதவீதம். பாலிபுரோப்பிலீன் 1 முதல் 2.5 சதவீதம் வரை. 50 மி.மீ. மூடிக்கு 1.5 சதவீதச் சுருக்கம் என்றால் கேவிட்டி, அதாவது அச்சின் குழி, 50.75 மி.மீ. இருக்க வேண்டும். எந்த ரகம் என்று முடிவாகாமல் வரைபடத்தில் கோடு போடுவது வீண் வேலை. அச்சு வெட்டிய பிறகு ரகத்தை மாற்றினால் மூடி சிமிழில் உட்காராது.

நம்பிக்கை 2: தடிமன் கூடினால் உறுதி கூடும்.

உண்மை: 1.5 மி.மீ. சுவரை 3 மி.மீ. ஆக்கினால் ஆறும் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். மேற்பரப்பில் குழியும் விழும். சுவரை மெல்லிதாக வைத்து உள்ளே ரிப் எனும் மெல்லிய தாங்குவரிகளைக் கொடுப்பதே வழக்கம்.

நம்பிக்கை 3: கேவிட்டி எத்தனை கூடுதலோ அத்தனை லாபம்.

உண்மை: மெஷின் தாங்க வேண்டுமே! 50 மி.மீ. மூடியின் பரப்பு சுமார் 20 சதுர செ.மீ. அச்சைத் திறக்காமல் அழுத்திப் பிடிக்க சதுர செ.மீ.க்கு 0.4 டன் விசை என்று வைத்தால், 8 கேவிட்டிக்கு 64 டன். 16 கேவிட்டிக்கு 128 டன். பட்டறையில் இருப்பது 100 டன் மெஷின் என்றால் அச்சு வாய் பிளந்து, ஓரமெல்லாம் பிசிறு அடிக்கும்.

நம்பிக்கை 4: அளவு தப்பினால் வெல்டு வைத்துச் சரிசெய்துகொள்ளலாம்.

உண்மை: திருச்சியில் இந்த நினைப்பு எழுவது இயல்பு. 1960-களில் பெல் (BHEL) கொதிகலன் ஆலை வந்ததிலிருந்து துவாக்குடிப் பக்கம் வெல்டிங்தான் பிழைப்பு. வெல்டிங் ஆராய்ச்சி நிலையமே 1975-ல் இங்கு வந்தது. ஆனால் அச்சு எஃகில் வெல்டு வைத்த இடத்தின் கடினத்தன்மை மாறிவிடும். பாலிஷ் போட்ட பிறகும் அதன் தடம் ஒவ்வொரு சிமிழிலும் பதியக்கூடும். அதனால்தான் அனுபவசாலிகள் சந்தேகமான அளவுகளில் கோரை (பொருளின் உட்புறத்துக்கு வடிவம் தரும் பகுதியை) சற்றுப் பெரிதாகவும் கேவிட்டியைச் சற்றுச் சிறிதாகவும் விட்டுவைக்கிறார்கள். ட்ரையலில் வந்த மூடியை அளந்து பார்த்துவிட்டு, தேவையான இடத்தில் மட்டும் எஃகை நூலளவு எடுக்கிறார்கள்.